விலைக்கு வந்த யானை

விற்பதா, வேண்டாமா? 2025-ஆம் வருஷம் ஜூன் மாதம் தொடங்கித் தீபாவளி வரையில் எங்கள் வீட்டில் இதே பேச்சுத்தான். நிலமா, நகையா என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. பழைய தபால் தலைகள்!

பேச்சைக் கிளப்பி விட்டது மொட்டை மாடி. திருச்சியில் அப்பா கட்டிய வீட்டின் தளம் மூன்று மழைக் காலமாக ஒழுகிக் கொண்டிருந்தது. முதல் வருஷம் அம்மா சமையலறையில் ஒரு பாத்திரம் வைத்தாள். அடுத்த வருஷம் கூடத்தில் இரண்டு. மூன்றாவது வருஷம் பாட்டியின் கட்டிலையே இடம் மாற்றும்படி ஆயிற்று. கொத்தனார் மேலே ஏறிப் பார்த்தார், இறங்கி வந்தார், நாக்கைச் சப்புக் கொட்டினார், ஒரு தொகை சொன்னார். பென்ஷன் வாங்கும் மனிதர் அந்தத் தொகையைக் கேட்டால் என்ன செய்வார்? "யோசித்துச் சொல்கிறேன்" என்பார். அப்பாவும் அதைத்தான் சொன்னார்.

யோசித்ததன் பலனாக ஒரு தகரப் பெட்டி சென்னைக்கு வந்து சேர்ந்தது. தாத்தாவின் ஸ்டாம்புப் பெட்டி. "நீதான் பத்திரிகைக்காரி. நாலு பேரைத் தெரியும். இதில் ஏதாவது காசு பெறுமா, பாரும்மா" என்றார் அப்பா. பெட்டிக்கு வாரிசு அப்பாவும் சித்தப்பாவும், பாட்டி இருக்கிறாள். பொறுப்பு மட்டும் என் தலையில்!

தாத்தா பள்ளிக்கூட வாத்தியார். ஏழெட்டு வயதில் ஆரம்பித்த பைத்தியம் அறுபது வருஷம் விடவில்லை. பெட்டிக்குள்ளே ஆறு ஆல்பம், சிகரெட் டப்பாக்களில் உதிரித் தலைகள், ஒரு பூதக் கண்ணாடி, ஓர் இடுக்கி, அத்தனைக்கும் அடியில் நூலால் கட்டிய நான்கு பழைய உறைகள். பாட்டிக்கு இப்போது 88 வயது. பெட்டியின் பேரைச் சொன்னாலே அவளுக்குக் கோபம் வரும். "அந்த மனிதர் இதற்குக் கொட்டின காசில் எனக்கு இரண்டு பவுன் சங்கிலி வந்திருக்கும். வித்துத் தொலை, கண்ணு" என்று டெலிபோனிலேயே உத்தரவு கொடுத்து விட்டாள்.

ஆகவே சொந்தக்காரர்கள் பக்கமிருந்து தடை இல்லை. சித்தப்பா மட்டும், "பரம்பரைச் சொத்தை வெள்ளைக்காரனிடம் விற்பதா?" என்று கொஞ்சம் பொருமினார். தளத்துச் செலவில் பாதி தருகிறீர்களா என்று அம்மா பணிவாகக் கேட்டாள். அதற்குப் பிறகு பரம்பரைச் சொத்தைப் பற்றி அவர் பிரஸ்தாபிக்கவில்லை.

வெள்ளைக்காரன் எங்கிருந்து வந்தான் என்று சொல்ல வேண்டும். முதலில் உள்ளூரில்தான் விசாரித்தோம். உள்ளூர் வியாபாரி, பெரும்பாலும் மொத்தமாகத்தான் கேட்கிறார். பழைய பேப்பர் எடைக்குப் போடுகிற மாதிரி ஒரு விலை. ஒவ்வொரு தலையாக ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் உலகமெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டுமானால் இணையச் சந்தைக்குத்தான் போக வேண்டும். இந்தியத் தலைகளாவது இங்கேயும் போகும். பர்மா தலைகளுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? இங்கிலாந்தில் இருக்கிறார்கள் என்று என் கணவர் கண்டுபிடித்தார். அவர் பாங்கியில் உத்தியோகம் பார்க்கிறவர். எதற்கும் ஒரு பட்டியல் போட்டு விடுவார்.

அவருடைய பட்டியலில் முதல் வரியே சட்டம். இது உங்களில் பலருக்கும் உபயோகப்படும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்லுகிறேன். நம் வீட்டுப் பரணில் இருப்பதெல்லாம் நம்முடையதுதான். ஆனால் அதைக் கடல் கடத்தும் உரிமை எப்போதும் நம்முடையதல்ல. 1972-ல் இயற்றி 1976-ல் அமலுக்கு வந்த தொல்பொருள் சட்டம் ஒன்று இருக்கிறது. நூறு வருஷத்துக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள், சரித்திர முக்கியத்துவமுள்ள பொருள் எல்லாம் அதன்படி தொல்பொருள். கையெழுத்துப் பிரதி, பத்திரம், ஆவணம் போன்றவை சரித்திர மதிப்போ இலக்கிய மதிப்போ உள்ளதாக இருந்தால் 75 வருஷமே போதும். இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப மத்திய சர்க்காருக்கும் அது அதிகாரம் கொடுத்த ஸ்தாபனத்துக்கும்தான் உரிமை. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரையில் சிறை, அபராதம் வேறு. கொள்ளுப்பாட்டி சீராகக் கொண்டு வந்த வெண்கல விளக்கைப் படம் பிடித்து அமெரிக்காவுக்கு விலை பேசுகிறவர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும். ரவிவர்மா வரைந்த ஓவியம் யார் வீட்டிலாவது இருந்தால் அதற்கு வயதுக் கணக்கே கிடையாது. அவருடைய படைப்புகள் கலைச் செல்வம் என்று அறிவிக்கப்பட்டவை. சந்தேகமான பொருளுக்கு, இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கலாம்.

ஆகவே விக்டோரியா மகாராணி தலைகள், திருவாங்கூர் அஞ்சலின் பழைய சங்கு முத்திரைத் தலைகள் எல்லாம் அடங்கிய முதல் ஆல்பத்தை மூடி பீரோவில் வைத்து விட்டோம். அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மிச்சம் ஐந்து. இங்கேதான் என் தம்பி குட்டையைக் குழப்பினான். பெங்களூரிலிருந்து ஒரு செய்தியை அனுப்பினான். 1948 ஆகஸ்ட் 15-ந் தேதி, சுதந்தரத்தின் முதல் ஆண்டு விழாவன்று, காந்திஜியின் படத்தோடு நாலு தபால் தலைகள் வெளிவந்தன. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தில் கூர்வாஸியே அச்சகத்தில் அச்சிட்டு வரவழைத்தார்கள். அந்தப் பத்து ரூபாய்த் தலையில் நூறே நூறைத் தனியாக எடுத்து 'சர்வீஸ்' என்று மேலச்சு அடித்து கவர்னர் ஜெனரல் காரியாலயத்துக்குக் கொடுத்தார்கள். கவர்னர் ஜெனரல் யார்? நம் ராஜாஜி! அந்த நூறில் நாலு, ஒட்டினபடி வரிசையாக, 2017-ல் லண்டனில் 5 லட்சம் பவுனுக்கு விலை போயிற்று. "அக்கா, தாத்தா ஆல்பத்தில் பத்து ரூபாய் காந்தி இருக்கிறதே! பூதக் கண்ணாடியை எடு!" என்று தம்பி கூத்தாடினான்.

எடுத்தேன். 'சர்வீஸ்' இல்லை. இருந்தாலும் சாதாரணப் பத்து ரூபாய் காந்தியே நல்ல விலை பெறும் தலை. அந்த நாளில் பத்து ரூபாய் என்றால் என்ன! தாத்தாவுக்கு அப்போது பதினாறு வயது. தபாலாபீஸ் வாசலில் நின்று மற்ற மூன்றையும் வாங்கினார். பதினேழு அணா, அதாவது ஒரு ரூபாய் ஓரணா. ஆல்பத்தில் பென்ஸிலால் அந்தத் தேதியையும் தொகையையும் குறித்திருக்கிறார். நாலாவது கட்டம் பல வருஷம் காலியாகவே கிடந்ததாம். யாரோ நண்பர் சல்லிசான விலைக்குக் கொடுத்தார் என்று கொண்டு வந்து ஒட்டிய அன்று வீட்டில் கேசரி கிண்டச் சொன்னாராம். பாட்டிக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கேசரி அடி பிடித்ததும் ஞாபகம் இருக்கிறது.

சென்னையில் ஸ்டாம்பு விஷயத்தில் பழந்தின்று கொட்டை போட்ட பெரியவர் ஒருவரிடம் ஆல்பத்தைக் கொண்டு போனேன். அவர் காப்பியைக் கூடக் கீழே வைக்காமல் ஒரு கையாலேயே கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? "மூன்று அசல். நாலாவது போலி" என்றார். அசல் போட்டோகிராவூர் முறையில் அச்சானது. நிழலும் வெளிச்சமும் ஒன்றோடொன்று கரைந்து நிற்கும். இதிலே சாதாரண ஆப்செட் அச்சின் புள்ளிகள் தனித்தனியே தெரிந்தன. ஓரத்துப் பல் வரிசையும் அளவுக்குப் பொருந்தவில்லை. பத்து ரூபாய் காந்திக்குப் போலிகள் எக்கச்சக்கமாக இருக்கின்றனவாம். "இது மட்டும் இங்கிலாந்துக்குப் போயிருந்தால், பணமும் திரும்பும், உங்கள் பெயரும் கெடும்" என்றார். அசல் மூன்றும் நல்லவை. ஆனால் நாலும் சேர்ந்த வரிசைக்குத்தான் கிராக்கி.

பாட்டியிடம் இதைச் சொல்லலாமா என்று அப்பாவைக் கேட்டேன். "வேண்டாம்மா. கேசரி கேசரியாகவே இருக்கட்டும்" என்றார்.

பெரியவர் வேறொன்றும் சொன்னார். அது என் மனசில் ரொம்ப நாள் உறுத்தியது. "இந்த ஊர் ஈரத்தில் ஸ்டாம்பு வாழாது, அம்மா. பாருங்கள்" என்று பல்லோரங்களில் பழுப்புப் பொட்டுகளைக் காட்டினார். புழுக்கத்தில் பின்புறத்துப் பசை இளகித் தலை தாளோடு ஒட்டிக் கொள்கிறது. ராமபாணப் பூச்சி மேய்கிறது. துரு மாதிரி பொட்டு விழுந்தால் நாளடைவில் அது பரவுகிறது. தாத்தா இருந்தவரை மாதம் ஒரு முறை ஆல்பங்களைப் பிரித்து மின்விசிறிக் காற்றில் வைப்பார். அவர் போன பிறகு யார் செய்தோம்? ஒழுகுகிற வீட்டில், ஒரு தகரப் பெட்டியில், பத்து வருஷம்! வைத்துக் கொள்ளுகிறோம் என்று சொல்லி அழுக விடுவதைவிட, தெரிந்தவன் கையில் ஒப்படைப்பது மேல் அல்லவா? சித்தப்பாவின் பரம்பரைச் சொத்து வாதத்துக்கு இதுதான் சரியான பதில் என்று எனக்குப் பட்டது.

சோதனைக்கு ஒரு சின்ன விற்பனை செய்து பார்ப்பதென்று தீர்மானித்தோம். 1949-ல் வெளிவந்த தொல்லியல் வரிசை தாத்தாவிடம் சிலது இரட்டையாக இருந்தது. இரண்டணாவுக்கு நடராஜர், மூன்று அணாவுக்கு சாஞ்சி ஸ்தூபம், ஐந்து ரூபாய்க்குத் தாஜ்மகால் என்று நாஸிக்கில் அச்சிட்ட தலைகள். ஈபே என்னும் சந்தையின் இந்தியக் கடை 2018-லேயே மூடிப் போயிற்று. ஆனால் இங்கிருந்து வெளிநாட்டுக்கு விற்க வழி இருக்கிறது. பணம் வாங்கும் பேபால் 2021 ஏப்ரலோடு உள்நாட்டு வேலையை நிறுத்தி விட்டது. அயல்நாட்டுப் பணம் வாங்கித் தருகிறது. ஏற்றுமதிக் குறியீட்டு எண் என்று ஒன்று வேண்டும். கணவர் ஓர் இரவு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பான் எண்ணையும் ஐந்நூறு ரூபாயையும் கொடுத்து அதை வாங்கி விட்டார். என் பெயரில்! "இன்று முதல் நீ ஏற்றுமதி வியாபாரி" என்று கைகுலுக்கினார்.

வாங்கினவர் ஜெர்மனிக்காரர். பேரம் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: பார்சலின் மேல் அச்சடித்த சீட்டு ஒட்டாமல், அழகான தபால் தலைகளாகவே ஒட்டி அனுப்ப வேண்டும்! உள்ளே இருப்பதும் ஸ்டாம்பு, வெளியே கேட்பதும் ஸ்டாம்பு. அண்ணா சாலைத் தபாலாபீஸில் தலைகள் வாங்கி, உறை முழுக்கக் கோலம் போட்ட மாதிரி ஒட்டிக் கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண்மணி சுங்கப் பாரத்தில் நான் எழுதியதைப் படித்து விட்டு, "ஸ்டாம்புக்குள்ளே ஸ்டாம்பா?" என்று சிரித்தார். முத்திரையை அடிக்கும்போது மட்டும் ரொம்பக் கரிசனமாக, படங்களின் முகத்தில் விழாமல் ஓரமாக அடித்தார். அதற்காக அவருக்கு என் நன்றி.

உறை போய்ச் சேர்ந்தது. 2021 முதல் ஐரோப்பாவில் எவ்வளவு சின்ன இறக்குமதிக்கும் வரி உண்டு. ஜெர்மனிக்காரர் முணுமுணுக்காமல் கட்டினார். சந்தைக்குக் கமிஷன், பணம் மாற்றியதற்குக் கமிஷன், தபால் செலவு எல்லாம் போக நின்ற தொகையில் தளத்தின் ஒரு மூலையைப் பூசலாம் என்று கணவர் கணக்குப் போட்டார். ஆக, காரியம் நடக்கக் கூடியதுதான். ஆகஸ்டு மாதம் மலாயா, சிலோன், பிற்கால இந்தியா என்று மூன்று ஆல்பத்தை ஓர் அமெரிக்கர் ஒட்டு மொத்தமாகக் கேட்டார். நல்ல விலை. சரி என்று எழுதுவதற்குள் அமெரிக்கச் சர்க்கார், 800 டாலருக்கு உட்பட்ட சரக்குக்கு இருந்த வரி விலக்கை 29-ந் தேதியோடு ரத்து செய்து விட்டது. நம் தபால் இலாகா 25-ந் தேதியிலிருந்தே அமெரிக்கத் தபாலைப் பெரும்பாலும் நிறுத்தி வைத்தது. அக்டோபர் பாதியில் மறுபடி தொடங்கியபோது அமெரிக்கர் வேறெங்கோ வாங்கி விட்டார். தாத்தாவின் ஆல்பத்துக்கும் வாஷிங்டனுக்கும் சம்பந்தம் உண்டு என்று யார் கண்டது!

அந்த ஆல்பங்களைக் கடைசியில் ஜெர்மனிக்காரரே, கொஞ்சம் குறைத்து, இரண்டு தவணையாக வாங்கிக் கொண்டார். சந்தோஷமாகவே விற்றோம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இனி நூல் கட்டிய நான்கு உறைகள்.

தாத்தாவின் அப்பா ரங்கூனில் ஒரு தேக்கு மரக் கிடங்கில் கணக்கு எழுதினார். பெண்டாட்டியும் பிள்ளையும் லால்குடிப் பக்கத்தில் கிராமத்தில். மாதம் ஒரு கடிதம் வரும். பர்மா 1937-ல் இந்தியாவிலிருந்து பிரிந்து, மறு வருஷமே தனக்கென்று புதுத் தபால் தலைகள் போட்டது. ராஜா படத்தோடு கூட நெல் வயல், ஐராவதி நதி, ராஜப் படகு என்று அழகான சித்திரங்கள். மூன்று அணாத் தலையில் தேக்குக் கட்டையை இழுக்கும் யானை. கடிதம் வந்ததும் ஏழு வயதுப் பையன் கத்திரிக்கோலோடு ஓடி வருவான். தலையை வெட்டித் தண்ணீரில் ஊறப் போட்டு, உரித்து, காய வைத்து ஆல்பத்தில் சேர்ப்பான். தாத்தாவின் சேகரம் அப்படி ஆரம்பித்ததுதான். உறையோடு இருந்தால்தான் மதிப்பு என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்?

நான்கு உறைகள் மட்டும் எப்படித் தப்பின? 1941 ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரையில் வந்தவை அவை. டிசம்பர் 23-ந் தேதி ஜப்பான்காரன் ரங்கூன் மேல் குண்டு போட்டான். மார்ச்சு 8-ந் தேதி ஊரே விழுந்தது. கப்பலுக்கு இடம் கிடைக்காதவர்கள் மலையையும் காட்டையும் கடந்து நடந்தே வந்தார்கள். அப்படியும் இப்படியுமாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர் என்கிறார்கள். வழியில் பட்டினியாலும் காலராவாலும் மலேரியாவாலும் மாண்டவர்கள் பல்லாயிரம். கொள்ளுப்பாட்டிக்கு ஆறு மாதம் ஒரு தகவலும் இல்லை. அந்த ஆறு மாதமும் அவள் கையில் இருந்தது இந்த நான்கு கடிதம். கத்திரிக்கோலை எடுத்து வந்த பையனை ஓர் அறை விட்டாளாம். பையனை அவள் அடித்தது அது ஒரே தடவைதான்.

1942 ஜூன் மாதம் ஒரு நாள் விடியற்காலையில் அவர் வந்து நின்றார். எலும்பும் தோலுமாக, காலில் செருப்பில்லாமல். அப்புறம் இருபது வருஷம் உயிரோடு இருந்தார். நடந்து வந்த கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த உறைகளில் ஒன்றைப் படம் பிடித்து, விலை போடாமல், என்ன பெறும் என்று கேட்டிருந்தேன். இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. பர்மாவின் தபால் சரித்திரத்தைச் சேகரிக்கும் பெரியவர். யானைத் தலை, ரங்கூன் முத்திரை, யுத்த காலத்துத் தணிக்கைக்காரர் பார்த்ததற்கான அடையாளம், யுத்தம் அங்கே வருவதற்கு முந்திய கடைசி வாரங்களின் தேதி. நான்குக்கும் சேர்த்து அவர் எழுதிய தொகையை நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். ஆல்பங்கள் எல்லாம் கொண்டு வந்ததைவிட அதிகம். அதோடு சேர்த்தால் தளம் முழுக்க முடியும். கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்து விடலாம்.

ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம். உறைகளில் ஒட்டியிருப்பது அன்றைய கட்டணத்தைவிட அதிகம். ஒரு குமாஸ்தா எதற்காக வீணாக அதிகத் தபால் தலை ஒட்ட வேண்டும்? சேகரிப்பவர்களை ஏமாற்றுவதற்கென்றே தயார் செய்த உறைகள் அப்படி இருப்பதுண்டாம். "உள்ளே கடிதம் இருக்கிறதா? இருந்தால் அதில் ஏதாவது விளக்கம் உண்டா?" என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

கடிதம் இருந்தது. யாரும் படித்ததில்லை. அப்பாவுக்குப் படிக்கத் தோன்றவில்லை. பாட்டிக்குத் தோன்றியிருக்கிறது, ஆனால், "மாமியாருக்கு மாமனார் எழுதின கடிதாசை மருமகள் படிக்கிறதா?" என்று கேட்கிறாள். அவர்கள் போய் ஐம்பது அறுபது வருஷத்துக்குப் பிறகும்!

செப்டம்பரில் ஒரு சனி ஞாயிறு திருச்சிக்குப் போனேன். பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடிப்பு விட்டுப் போகாமல் மெதுவாகப் பிரித்தேன். பழுப்பு மசி, நெருக்கமான எழுத்து. கூட்டெழுத்தும் பழைய தமிழ் எண்களுமாக இருந்ததால் பாதி எனக்குப் புரியவில்லை. பாட்டிக்குக் கண் தெரியவில்லை. நான் எழுத்தைச் சொல்ல, அவள் வார்த்தையைச் சொல்ல, இப்படியாகப் படித்தோம். பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. மணியார்டர் வந்ததா? வாய்க்கால் தகராறு என்ன ஆயிற்று? நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்து விட்டது. அரிசி விலை ஏறுகிறது. யுத்தம் இங்கெல்லாம் வராது, பயப்படாதே. அதற்குப் பிறகு கடைசியில் இரண்டு வரி: பையனுக்காக யானை தலை ஒட்டியிருக்கிறேன். காசு போகட்டும்; அவனிடம் சொல், இந்த யானை நம் கிடங்கில் இருக்கிற யானையைப் போலவே இருக்கிறது.

நான்கு கடிதத்திலும், வார்த்தை கொஞ்சம் மாறி, யானை இருந்தது.

பாட்டி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "வாய்க்கால் தகராறு நம்ம பக்கம்தான் ஜெயிச்சுது" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தாத்தா இதைப் படிச்சாரா?" என்று கேட்டாள். யாருக்குத் தெரியும்! அறை வாங்கினது ஞாபகம் இருந்ததே தவிர, கடிதத்தில் தனக்கு எழுதியது தெரியும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்போது என் சங்கடத்தைப் பாருங்கள். உறை அசல் என்பதற்குச் சாட்சி கடிதம். கடிதத்தோடு கொடுத்தால் நல்ல விலை; கடிதம் இல்லாமல் கொடுத்தால் உறை மேல் சந்தேகம். கடிதமோ 84 வருஷத்துக் கையெழுத்து. சட்டம் தெரிந்த சிநேகிதி ஒருத்தியைக் கேட்டேன். "குடும்பக் கடிதத்துக்குச் சரித்திர மதிப்பு உண்டா, இல்லையா என்று நீயோ நானோ தீர்மானிக்க முடியாது. அனுப்புவதானால் முதலில் தொல்லியல் துறையிடம் கேள்" என்றாள். கேட்கலாம், அவர்கள் சான்று கொடுத்து விடவும் கூடும். கணவர் விண்ணப்பப் பாரத்தைக் கூட எடுத்து வைத்தார். சட்டத்தைச் சாக்காக வைத்துக் கொண்டு நான் தப்பித்துக் கொள்வது அவருக்குப் பிடிக்கவில்லை. "சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சான்று கிடைத்து விட்டால் விற்பாயா?" என்று நேருக்கு நேராகக் கேட்டார்.

யாரையாவது கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்றால், கேட்க வேண்டியது பாட்டியை. அவள் கட்டில் தலைமாட்டில்தான் தண்ணீர் சொட்டுகிறது. கேட்டேன். "வித்துத் தொலை" என்று சொன்னவள், இந்தத் தடவை உடனே சொல்லவில்லை.

"அந்த வெள்ளைக்காரருக்கு நார்த்தங்காய் ஊறுகாய் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது, பாட்டி."

"தமிழ் படிக்கத் தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

"அப்போ கடிதாசு அவருக்கு எதுக்கு? உறைதானே வேணும்? உறையைப் படம் பிடிச்சு அனுப்பிடு. மாடிக்கு நான் தர்றேன்" என்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அஞ்சலகச் சேமிப்பில் ஒரு தொகை வைத்திருக்கிறாளாம். அப்பாவுக்கே தெரியாது! தன் ஈமக் காரியத்துக்கென்று ஒதுக்கி வைத்தது. "நான் போறப்போ நீங்க ரெண்டு பேரும் சம்பாதிக்கிறவங்கதானே, பார்த்துக்க மாட்டீங்களா?" என்றாள். அப்பா வேண்டாம் என்று ஒரு மணி நேரம் வாதாடினார். கடைசியில் அதில் பாதியை மட்டும் எடுப்பது, மிச்சத்தை நானும் தம்பியும் போடுவது என்று சமரசம் ஆயிற்று. சித்தப்பாவும் கொஞ்சம் கொடுத்தார். அதையும் சொல்லி விட வேண்டும்.

இங்கிலாந்துப் பெரியவருக்கு நாலு உறைகளின் படத்தையும், யானையைப் பற்றிய வரிகளின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் அனுப்பினேன். உறைகள் விலைக்கு இல்லை என்றும் எழுதினேன். கோபித்துக் கொள்வார் என்று நினைத்தேன். இல்லை. இத்தனை வருஷத்தில், அதிகத் தபால் தலை ஒட்டியதற்கு இப்படி ஒரு காரணத்தை அவர் கேள்விப்பட்டதில்லையாம். படங்களைத் தம் குறிப்பேட்டில் வைத்துக் கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். கொடுத்தேன். இந்தப் பக்கம் வந்தால் உறைகளைப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். பாட்டி, "வரட்டும், ஊறுகாய் போட்டு வைக்கிறேன்" என்கிறாள்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு தளம் முடிந்தது. வடகிழக்கு மழை பிடித்த பிறகு அம்மா கூடத்தில் உட்கார்ந்து, ஒரு பாத்திரமும் வைக்காமல், கூரையையே பார்த்துக் கொண்டிருந்தாளாம்.

தகரப் பெட்டி இப்போது கிட்டத்தட்டக் காலி. சட்டத்துக்குப் பயந்து ஒதுக்கிய ஆல்பம், மூன்று அசல் காந்தியும் ஒரு போலியும் உள்ள பக்கம், பர்மா ஆல்பம், இவ்வளவுதான். பர்மா ஆல்பத்தையும் விற்கவில்லை. அதை விற்றால் தப்பில்லை; அதிக விலையும் பெறாது. ஓரம் கோணலாகக் கத்திரித்த தலைகள், ஒன்றிரண்டில் பல் கூட இல்லை. அதில் யானைகளை மட்டும் எண்ணினேன். பதினொன்று.

உறைகள் பாட்டியிடம் இருக்கின்றன. பழைய பருத்திப் புடவையில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைக் கூட வைத்து, தலைமாட்டில் வைத்திருக்கிறாள். அமிலம் இல்லாத தாள் உறைதான் நல்லது என்று பெரியவர் சொன்னார், வாங்கி அனுப்பியிருக்கிறேன். சாயங்காலக் காப்பிக்குப் பிறகு அம்மா ஒரு கடிதத்தை எடுத்து உரக்கப் படிக்க வேண்டும். படிக்கப் படிக்கப் பாட்டி நடுவில் திருத்துகிறாளாம், கொள்ளுத்தாத்தாவையே!